கீமோ வாந்தி: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 15 வயது, எலும்புப் புற்றுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றினார்கள். அன்று நன்றாக இருந்தான், மூன்றாம் நாள் குடலைப் புரட்டி எடுத்துவிட்டது. ஏன்?

வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மாத்திரைகளைப் போட்டானா? கடிதத்தில் அதைக் காணோம். "நல்லாத்தானே இருக்கான்" என்று டப்பாவிலேயே கிடந்திருக்கும், இதை எத்தனை முறைதான் எழுதுவது! சிஸ்பிளாட்டின் வாந்தி இரண்டு தடவையாக வரும்: முதல் 24 மணி நேரத்தில் ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஐந்து நாள் வரை இழுக்கிற இன்னொன்று. முதலாவதை ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து நன்றாகவே அடக்கும், பின்னதில் அது அவ்வளவாக எடுபடாது, அதற்காகத்தான் அப்ரெபிடன்ட், டெக்ஸாமெத்தசோன் என்று நாள் கணக்குப் போட்டு எழுதித் தருகிறார்கள். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும், ராத்திரி பத்து மணிக்கு மலையிறங்கிக் கோவைக்கு யார் ஓடுவது? வரும் முன் போடுங்கள், சீட்டில் எழுதிய கடைசி நாள் வரை போடுங்கள்.

குன்னூர்: மகளுக்கு 17. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே வாந்தி. நடிக்கிறாளா?

இல்லை, திட்டாதீர்கள். முந்தைய சுற்றுகளில் பட்ட பாட்டை உடம்பு மறக்கவில்லை. இதற்கு லோராசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை தருவதுண்டு, மனதைத் தளர்த்தும் பயிற்சியும் உதவும், டாக்டரிடம் அடுத்த சுற்றுக்கு முன்பே சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே வாந்தியை அடக்கியிருந்தால் இது வருவதே குறைவு.

கொடைக்கானல்: மருந்துக்கடையில் மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரை கொடுத்தார்கள். போடலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதில் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளலாம்.

ஊட்டி: "மகனுக்கு வாந்தி, என்ன மாத்திரை?"

என்ன கீமோ, எத்தனையாவது நாள், எடை எவ்வளவு, ஒன்றுமே இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? தண்ணீர்கூட நிற்கவில்லை, அல்லது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டுவிட்டது என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் வண்டி பிடியுங்கள்.

மஞ்சூர்: ஒண்டான்செட்ரான் போட்டும் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருகிறதே?

பஸ் வாந்திக்கு அது உதவாது, வேறு மாத்திரை இருக்கிறது, டாக்டரைக் கேட்டு ஏறும் முன் போடுங்கள். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கீமோ வாந்தியும் கூடுதலாக வரலாம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

16 வயதுத் தம்பி ஒருவர்: வாந்தி எடுத்ததைச் சொன்னால் கீமோவைக் குறைத்துவிடுவார்களோ என்று மறைக்கிறேன்.

சொல்லுப்பா. பெரும்பாலும் வாந்தி மருந்தைத்தான் மாற்றுவார்கள், ஒலான்சாபின் மாதிரி இன்னொன்றைச் சேர்ப்பார்கள். எத்தனை முறை, எந்த நேரம் என்று ஒரு தாளில் குறித்து அடுத்த தடவை டாக்டர் கையிலேயே கொடு.