பிரீமியம் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்ட இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் லைசென்ஸை ரத்து செய்ய வைக்க முடியுமா?

முடியும். ஆனால் அதை ரத்து செய்வது ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இல்லை. 2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஐசி-38 என்ற ஏஜென்ட் தேர்வில் தேறியவரை அந்தந்த நிறுவனமே ஏஜென்ட்டாக நியமிக்கிறது. நீக்குவதும் அதே நிறுவனம்தான். எனவே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பாலிசி பத்திரத்தில் இருக்கும் ஏஜென்ட் கோடு எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

எழுதிய மறுநாளே ஆளைத் தூக்கிவிட மாட்டார்கள். முதலில் இடைநீக்கம், அப்புறம் விசாரணை அதிகாரி, விளக்கம் கேட்டு நோட்டீஸ். பதில் சொல்ல அவருக்கு 21 நாள் உண்டு. ரத்து என்று முடிவானால் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லா நிறுவனங்களும் பார்க்கிற கறுப்புப் பட்டியலில் பெயரை ஏற்றுவார்கள். லைஃப் போனால் ஹெல்த் பாலிசி விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்க முடியாது. 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பொய்ப் புகார்களும் வருவதால் அந்த வாய்ப்பு இருக்கத்தான் வேண்டும்.

நான் ஒரு கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, இட்லிக் கடை நடத்தும் ஒரு அக்கா இதே புகாரோடு வந்தார். கையில் ரசீது ஒன்றுகூட இல்லை, கடையின் கணக்கு நோட்டு மட்டும் இருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை தேதி, தொகை, ஏஜென்ட்டின் சுருக்கொப்பம். "அது கைமாற்றாக வாங்கியது சார்" என்று சாதித்தார் ஏஜென்ட். ஆனால் ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் பாலிசி எண் இருந்தது, அவர் கையெழுத்திலேயே. நியமனம் போயிற்று.

ஆனால் அதனால் அக்காவின் பாலிசி தானாக உயிர் பெற்றுவிடவில்லை. ஏஜென்ட் கையில் கொடுத்த பணம் நிறுவனத்துக்குக் கட்டிய பணமாகாது என்று எல்ஐசி தொடர்பான வழக்கொன்றில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் பாலிசி விற்கும்போது யாருமே சொல்வதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். பாக்கியை வட்டியோடு கட்டித்தான் அவர் பாலிசியைப் புதுப்பித்தார்.

அதனால் புகாரின் முடிவுக்காகக் காத்திருக்காமல் முதலில் பாலிசியைப் புதுப்பியுங்கள். பங்குச்சந்தையோடு இணைக்காத சாதாரண பாலிசி என்றால், கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து பொதுவாக 5 ஆண்டு அவகாசம் உண்டு. இடையில் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் புதுப்பிப்பதே சிக்கலாகிவிடும்.

நிறுவனம் இழுத்தடித்தால் ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவுக்குப் போங்கள், போன் எண் 155255. ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அங்கே உங்களுக்கும் நிறுவனத்துக்குமான வழக்கைத்தான் தீர்ப்பார்கள், ஏஜென்ட்டை நீக்க மாட்டார்கள். பணத்தைச் சுருட்டியதற்குப் போலீஸ் புகார் தனி.

சரி, ஒன்று கேட்கிறேன். பாலிசி போடும்போது "முதல் தவணையை நானே கட்டுறேன்" என்று அவர் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டீர்களா? பிரிவு 41-ன்படி அந்தத் தள்ளுபடியைக் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. விசாரணையில் அவர் முதலில் எடுப்பது அதைத்தான். அதற்கான பதிலோடு போங்கள்.