காலைல எந்திரிச்சதும் வரிசையா தும்மல், முழங்கை மடிப்புல அரிப்பு. ரெண்டுக்கும் தூசிதான் காரணமா?

ரெண்டுக்கும் ஒரே ஆசாமி காரணமா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. தூசில வாழுற டஸ்ட் மைட்ங்கிற குட்டி உயிரினம். கால் மில்லிமீட்டர் சைஸ், நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோல் செதில்தான் அதுக்கு சாப்பாடு, அதனால மெத்தை தலகாணில செம குடித்தனம். மூட்டைப்பூச்சி மாதிரி கடிக்கவெல்லாம் கடிக்காது. அலர்ஜி பண்றது அதோட எச்சத்துல இருக்குற புரோட்டீன், அதுல டெர் பி 1னு ஒண்ணு, அது ஒரு என்சைம், தோல்லயும் மூச்சுக்குழாய் உள்சவ்வுலயும் செல்லை செல்லோட ஒட்டி வெச்சிருக்குற இணைப்பை அறுத்துட்டு உள்ள போகுது, அதான் நிறைய பேருக்கு எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி), மூக்கொழுகல், ஆஸ்துமான்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது.

இது தண்ணி குடிக்காது, காத்துல இருக்குற ஈரத்தை உடம்பாலயே உறிஞ்சிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ போனா காய்ஞ்சு செத்துரும், ஆனா சென்னைல அதுக்கு எங்க போறது!

எங்க வீட்டு பழைய இலவம்பஞ்சு தலகாணியை மொட்டை மாடில போட்டு தட்டினப்போ வெயில்ல புகை மாதிரி பறந்துச்சு, அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு இழுப்பு. வெயில்ல மைட் சாகும், எச்சம் அப்படியே இருக்கும், அதனால பெட்ஷீட், தலகாணி உறையை வாரம் ஒருதடவை 60 டிகிரி தண்ணில துவைங்க, மெத்தைக்கு ஜிப் வெச்ச மைட் ப்ரூஃப் கவர் போடுங்க. உறுதி பண்ண ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் (தோல்ல லேசா குத்திப் பாக்குற அலர்ஜி டெஸ்ட்) இருக்கு, 15-20 நிமிஷத்துல தெரிஞ்சிரும், ஆனா செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டுட்டுப் போனா ரிசல்ட் தப்பா வரும், எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, இன்ஹேலரை மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க.