ரொக்பெல்லர் விவேகானந்தரைச் சந்தித்த பிறகுதான் தர்மம் செய்யத் தொடங்கினாரா?

கேள்வி: அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜோன் டி. ரொக்பெல்லர் பெரிய கஞ்சர் என்றும், சிகாகோவில் சுவாமி விவேகானந்தரைச் சந்தித்த பிறகு மனம் மாறிக் கொடைவள்ளல் ஆனார் என்றும் வட்ஸ்அப்பில் ஒரு கதை வருகிறது. உண்மையா? அவர் எப்படிப்பட்ட மனிதர்?

பதில்:

அந்தக் கதை எனக்கும் அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு. நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், விவேகானந்த மேட்டுக்குக் கிட்ட. 1897 ஜனவரி 15ஆம் திகதி சுவாமி கொழும்பில் வந்து இறங்கியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிற ஆட்கள் மத்தியில் வளர்ந்தவனுக்கு, கதை உண்மையாக இருக்கட்டும் என்ற ஆசை இருக்காதா? ஆனால் திகதிகள் ஒத்துவரவில்லை.

சுவாமி சிகாகோ மேடையில் பேசியது 1893 செப்டெம்பரில். சந்திப்பு நடந்ததாகக் கதை சொல்வது அதற்கு அடுத்த வருடம். ரொக்பெல்லரோ அதே சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்க 6 இலட்சம் டொலர் தருவதாக 1889இலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்காக நடந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் அவர் பணம் கொடுத்துவந்தார். 1884இல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரான ஸ்பெல்மன் என்பதையே வைத்தார்கள். இரண்டு பேரும் சந்தித்திருக்கலாம், சந்திக்காமலும் இருக்கலாம். கொடுக்கிற பழக்கம் அங்கே தொடங்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அது தொடங்கியது ஒரு சின்னச் சிவப்புக் கணக்குப் புத்தகத்தில். நான் புறக்கோட்டையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். தகப்பன் ஊர் ஊராகப் போய்ப் போலி மருந்து விற்றவர், இன்னொரு பெயரில் இன்னொரு கல்யாணமும் செய்தவர். தாய் கண்டிப்பான பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். 1839இல் பிறந்த மகன், 1855 செப்டெம்பர் 26ஆம் திகதி, 16 வயதில், கிளீவ்லாந்து நகரத்தில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் 4ஆம் குறுக்குத் தெருவில் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு கமிசன் கடை. நாளுக்கு 50 சதம் சம்பளம். அந்தத் திகதியைப் பிறகு வாழ்நாள் முழுக்கப் பிறந்தநாள் போலக் கொண்டாடினார். செலவழித்த ஒவ்வொரு சதத்தையும் அந்தப் புத்தகத்தில் எழுதினார். முதல் வருடத்திலேயே சம்பளத்தில் ஏறக்குறைய 6 வீதம் தர்மத்துக்குப் போயிருக்கிறது. 1859இல், அடிமையாக இருந்த தன் மனைவியைக் காசு கொடுத்து மீட்க அலைந்த ஒரு கறுப்பின மனிதருக்கும் கொடுத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபது. எண்ணெய்த் தொழிலுக்குள் கால் வைக்கவே இல்லை.

அதனால்தான் 'முதலில் கொள்ளை, வயதான பிறகு பரிகாரம்' என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. எடுப்பதும் கொடுப்பதும் அவரிடம் ஒன்றாகவே நடந்தன. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில்.

சரி, எடுத்த கதைக்கு வருவோம். 1863இல் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலில் இறங்கினார். 1870இல் 10 இலட்சம் டொலர் மூலதனத்தோடு ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனி. கிணறு தோண்டுவது சூதாட்டம் என்று ஒதுங்கி, சுத்திகரிப்பையும் ஏற்றியிறக்குவதையும் பிடித்துக்கொண்டார். ரயில் கம்பனிகளோடு இரகசியக் கட்டணக் கழிவு பேசினார். 1872இல் போட்ட ஒரு திட்டம் இன்னும் மோசம்: போட்டியாளர் ஏற்றுகிற எண்ணெய்க்கும் இவர் பக்கத்துக்குக் கழிவு கிடைக்கும்! அந்தத் திட்டம் ஒரு பீப்பாய்கூட ஏற்றாமல் செத்துப்போனது. ஆனால் அது வரப்போகிறது என்ற பயம் இருந்த சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 போட்டி ஆலைகளில் 22ஐ வாங்கி முடித்துவிட்டார். 1880 வாக்கில் அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 வீதம் அவர் கையில்.

வெறும் அடாவடியால் இது நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஏற்றுமதிக்குப் போகும் 5 கலன் மண்ணெண்ணெய் டின்னை மூடி ஒட்டுகிற இடத்தில் ஒருநாள் நின்று பார்த்திருக்கிறார். ஒரு டின்னுக்கு 40 சொட்டு ஈயம். 38 போட்டுப் பாருங்கள் என்றார், சில டின்கள் ஒழுகின. 39 போட்டால் ஒன்றும் ஒழுகவில்லை. அன்றிலிருந்து 39தான். இந்த ஒரு சொட்டு முதல் வருடத்திலேயே 2,500 டொலர் மிச்சம் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆசியா முழுக்க வீடுகளில் விளக்கெரிந்ததும், வெற்று டின்னில் தண்ணீர் சுமந்ததும் இந்த வியாபாரத்தின் மறுமுனை.

பென்சில்வேனியாவில் இந்தப் போட்டியில் அடிபட்ட எண்ணெய்க்காரர் ஒருவரின் மகள் ஐடா டார்பெல். அவர் 1902இலிருந்து பத்திரிகையில் தொடராக எழுதி இந்தத் தில்லுமுல்லுகளை ஆவணத்தோடு வெளியே கொண்டுவந்தார். 1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பனியை 34 துண்டாக உடைத்தது. உடைத்ததும் துண்டுகளின் பங்கு விலை ஏறி ரொக்பெல்லர் இன்னும் பணக்காரர் ஆனார் என்பது வேறு கதை.

தர்மத்தையும் தொழில் மாதிரியே நடத்தினார். பிரெட்ரிக் கேட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரை அதற்கென்றே வைத்துக்கொண்டார். கையேந்தி வருகிற ஆளுக்குச் சில்லறை கொடுப்பதை விட்டு, நோயின் வேரைப் பிடி என்பது கேட்ஸின் வழி. 1901இல் பேரக்குழந்தை ஒன்று செங்காய்ச்சலில் இறந்தது, அதே வருடம் நியூயோர்க்கில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1909இல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொழுக்கிப்புழுவை ஒழிக்க 10 இலட்சம் டொலர். 1913இல் ரொக்பெல்லர் மன்றம் என்ற அறக்கட்டளை.

இந்த இடத்தில்தான் கதை எங்கள் ஆட்களிடம் வருகிறது. மன்றத்தின் சுகாதாரப் பிரிவு 1915–16இல் இலங்கைக்கு வந்து மாத்தளைப் பக்கத்தில் கொழுக்கிப்புழு வேலையைத் தொடங்கியது. குறி தேயிலைத் தோட்டங்கள், அதாவது தமிழ்த் தொழிலாளர்கள். இந்தப் புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, கூடை தூக்க முடியாமல் போவார். அந்தக் காலத்தில் தைமோலோ செனோபோடியம் எண்ணெயோ மருந்தாகக் கொடுத்து, பேதிக்கு விட்டுப் புழுவை விழ வைத்தார்கள். என் அம்மாயி குடும்பமும் மாத்தளைத் தோட்டம்தான். புழு மருந்து கொடுக்கும் நாளில் பிள்ளைகள் லயத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அது பிந்திய காலத்துக் கதை, ஆனால் மருந்தின் மேல் இருந்த பயம் அப்படியேதான் இருந்திருக்கிறது.

விழுந்த புழு திரும்ப வராமல் இருக்கக் கக்கூஸ் வேண்டும். அதைக் கட்ட வேண்டியவர்கள் தோட்ட முதலாளிகள். செலவு என்று அவர்கள் இழுத்தடித்தார்கள். மருந்து குடித்த ஆள் திரும்ப அதே மண்ணில்தான் வெறுங்காலோடு நின்றார், புழுவும் திரும்ப ஏறியது. அமெரிக்கப் பணத்தால் மருந்து வாங்க முடிந்தது, துரைமாரின் மனதை அசைக்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்றம் பிறந்த அடுத்த வருடம், 1914 ஏப்ரல் 20ஆம் திகதி, கொலராடோவில் ரொக்பெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த நிலக்கரிக் கம்பனியின் வேலைநிறுத்தக்காரர்கள் தங்கியிருந்த கூடாரங்கள் தாக்கப்பட்டன. ஒரு கூடாரத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 பிள்ளைகளும் மூச்சடைத்துச் செத்தார்கள். தூரத்துத் தொழிலாளியின் குடலில் இருக்கும் புழுவுக்குச் செலவழித்த குடும்பம், சொந்தத் தொழிலாளி சங்கம் வைப்பதைப் பொறுக்கவில்லை. அந்த விடயத்தில் எங்கள் துரைமாரிலிருந்து அவர்கள் அப்படியொன்றும் தூரமில்லை என்பது என் எண்ணம்.

மாத்தளையில் பட்டதிலிருந்து மன்றத்துக்காரர்கள் ஒன்று கற்றுக்கொண்டார்கள்: ஒரே ஒரு நோயைத் துரத்திக்கொண்டு ஓடிப் பயனில்லை. 1926இல் அரசாங்கத்தோடு சேர்ந்து களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவை அமைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர், தாதி, மருத்துவ மாது. கர்ப்பிணி முதல் கிணறு வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த மாதிரியே நாடு முழுக்கப் பரவியது. இன்றைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளையின் நிறை பார்க்கிற 'மிட்வைஃப் மிஸ்', டெங்கு நுளம்பு தேடிப் பூச்சட்டியைக் கவிழ்க்கிற பி.எச்.ஐ. என்ற சுகாதாரப் பரிசோதகர் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். ரொக்பெல்லரின் கொடையில் எங்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்துக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து வாழ்நாளில் ஏறத்தாழ 54 கோடி டொலர் கொடுத்துவிட்டு, 1937 மே 23ஆம் திகதி, 97 வயதில் இறந்தார்.

எண்ணெய்ப் பக்கம் இங்கே என்ன ஆனது என்றும் யாராவது கேட்பீர்கள். ஸ்டாண்டர்ட் ஒயிலின் வாரிசான எஸ்ஸோவின் பெற்றோல் நிலையங்கள் கொழும்பிலும் இருந்தன. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, அடுத்த வருடம் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ மூன்றின் சொத்துக்களையும் அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது. இழப்பீடு கொடுக்கவில்லை என்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறிய பிறகுதான் இழப்பீட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.