காளையின் உயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் உரை கேட்கப் போயிருந்தேன். வெளிநாட்டுக் கலைக்கூடம் ஒன்றின் காப்பாட்சியர், சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அரை மணி தாமதம். எல்லாம் ஆங்கிலம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். பாதி புரியவில்லை. திரையில் காட்டிய படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு வீடு வந்துவிட்டேன். கலையைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாமதத்தை விடுங்கள். ஆங்கிலமும் பெரிய குறையில்லை. நம் கலை விமர்சகர்களின் தமிழைக் கேட்டிருந்தாலும் இதே கதிதான். புரியாமல் தலையாட்டியதை ஒப்புக்கொள்கிற ஆள் அந்த அரங்கில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

என் கோபம் வேறு. கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் போனதாக ஒரு வார்த்தை இல்லை. திருவாலங்காட்டு நடராசர் அதே வளாகத்தில்தான் நிற்கிறார். அவர் வீட்டுக்கே போய், அவரைப் பார்க்காமல், திரையில் ஓடிய படத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்! கல்யாண வீட்டில் சமையல்காரரோடு பேசிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பியது மாதிரி. அந்தக் காலத்தில் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், இதைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களாவது உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

படத்தில் பார்த்தேனே என்பீர்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடினும் படத்தில்தான் பார்த்தார், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் சென்னை நடராசரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு கை, கால், வாய் என்று ஒவ்வோர் இடமாக நின்று நின்று எழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1921இல் அது அச்சில் வந்தது. உங்கள் போனில் இருக்கும் படங்களை வந்த பிறகு ஒரு முறையாவது திறந்தீர்களா?

எனக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமா. பாத்திரக்கடை வைத்திருந்தார், ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். எனக்கு இருபது வயதில் இருவரும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், 1011இல் வார்த்தது. சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுருட்டி, காலை மாற்றிப் போட்டு, ஒரு கையைக் காளைமேல் சாய்த்து நிற்பார். காளைதான் இல்லை. கை காற்றில் இருக்கிறது.

நான் பலகையைப் படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிட்டேன். மாமா நகரவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அப்புறம் கூச்சமே இல்லாமல் தானும் காலை மாற்றி வைத்து, கையை அந்தரத்தில் சாய்த்தார். தடுமாறினார். காவலர் சிரித்தார். மாமா விடவில்லை. ஒரு இடத்தில் கையை நிறுத்தி, “காளை இம்புட்டு உசரம் இருந்திருக்கும், பாருடா. கையே சொல்லுதே!” என்றார். எனக்கு அப்போது மானம் போனது. கோயிலில் பட்டும் மாலையும் போக முகம் மட்டும் பார்த்துப் பழகிய மனிதர், அன்றுதான் முழு உடம்பையும் பார்க்கிறார் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. திரும்பி வரும்போது பஸ் முழுக்க, அந்தக் காளைக்குக் கொம்பு எப்படி வளைந்திருக்கும் என்றே பேசிக்கொண்டு வந்தார்.

புத்தகம் கேட்டீர்கள் அல்லவா? சரி, சொல்கிறேன். முதலில் எழும்பூருக்குத் திரும்பப் போங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, ஏதாவது ஒரே ஒரு திருமேனி முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்துக்குப் பதிலில் பட்டியல் வரும்.

வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.