ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது? பின்னால் இன்னும் அகலமாகப் போட்டால் கிரிப் கூடுமா?

கேள்வியில் உள்ள விவரம்: ரியர் வீல் டிரைவ் கார், 18 அங்குல ரிம், முன்னால் 225/40, பின்னால் 255/35. பின் டயர்கள் பட்டன் தேய்ந்து முடிந்துவிட்டன, முன் டயர்கள் பாதியில் இருக்கின்றன. தினசரி ஓட்டம் உண்டு, அவ்வப்போது டிராக்கும் உண்டு. பின்னால் 265 அல்லது 275 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகலத்தைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்தக் கார் எவ்வளவு குளிரிலும் எவ்வளவு மழையிலும் ஓடப்போகிறது என்பது. காய்ந்த, சூடான சாலையில் இந்த வகை டயர்கள் எல்லாமே நன்றாகப் பிடிக்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் பெரிதாகத் தெரிவது ஈரத்தில், அதுவும் பட்டன் பாதி தேய்ந்த பிறகு. கார் கையை மீறுவதும் பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

கோடைக்கால ஹை பெர்ஃபார்மன்ஸ் டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். சாலை காய்ந்திருந்தாலும் பிடிப்பு குறையும், பிரேக் போட்டால் கார் நிற்கும் தூரம் நீளும். பூஜ்ஜியத்துக்கும் கீழே போன குளிரில் அப்படியே ஓட்டினால் பட்டன்களில் விரிசல் விழவும் கூடும். அதனால் குளிர்காலத்திலும் ஓடும் காருக்கு இரண்டு செட் வைத்துக்கொள்வதே சரி. முடியாவிட்டால் ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் டயர் எடுங்கள். வெயில் நாளில் வளைவுகளில் கொஞ்சம் கூர்மை குறையும், அவ்வளவுதான். குளிர் அந்த அளவுக்கு வராத ஊரில் ஆல் சீசன் வாங்குவது இந்தக் காருக்குச் செய்யும் அநியாயம்.

கோடை டயருக்குள்ளும் மூன்று குணங்கள் உண்டு. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், ப்ரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் போன்றவை சாலைக்காகச் செய்தவை. மழையிலும் நம்பலாம், ஓடிச் சூடேறும் முன்பே பிடிக்கும். யோகோஹாமா அட்வான் ஏ052 போன்றவை அடுத்த படி. ரப்பர் மிருதுவானது, காய்ந்த டிராக்கில் அபாரமாக ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும், சத்தமும் அதிகம். மூன்றாவது, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி டிராக்கை மனதில் வைத்துச் செய்தவை. இவற்றில் தண்ணீரை வெளியேற்றும் வெட்டுகள் குறைவு. தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும், ஸ்டீயரிங் திருப்பினாலும் கார் திரும்பாது. தினமும் ஓட்டி, எப்போதாவது மட்டும் டிராக்குக்குப் போகிறவர் முதல் வகையை எடுப்பதே நல்லது. டிராக்கில் சில விநாடிகள் கூடுதலாகும். அது போகட்டும்.

டயர் பக்கவாட்டில் இருக்கும் ட்ரெட்வேர் எண்ணை, அதாவது எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். 100 என்று வைத்த ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டிப் பார்த்துத் தயாரிப்பாளரே கொடுக்கும் எண் அது. ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் 200க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் அர்த்தமுள்ளது, அதற்கு வெளியே அதிகம் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் ட்ராக்‌ஷன் எழுத்தும் ஈரச் சாலையில் நேர்கோட்டில் பிரேக் போட்டு எடுத்தது. வளைவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐரோப்பிய லேபிளில் இருக்கும் ஈரப்பிடிப்பு எழுத்து பயனுள்ளதுதான், ஆனால் அது புது டயரில் அளந்தது.

இனி அளவு. உங்கள் பின் டயரில் 255/35 ஆர்18 94ஒய் என்று இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், அதாவது சுமார் 89. ரிம்மின் 457 மில்லிமீட்டரோடு மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் ஏறக்குறைய 636. முன்னால் 225/40க்கு 637 வரும். காரின் ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் இந்த நெருக்கத்தை நம்பித்தான் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிடுகின்றன. பின்னால் 275/35 போட்டால் விட்டம் 650 ஆகிவிடும், முன்பக்கத்தைவிட 2 சதவீதம் பெரிது. கியர் விகிதம் நீண்டதுபோல் ஆகி, கார் வேகமெடுப்பதும் சற்று மந்தமாகும்.

94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், டபிள்யூ 270, வி 240. எண்ணிலும் எழுத்திலும் காரோடு வந்ததைவிடக் கீழே இறங்காதீர்கள். இதே அளவில் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் ரகம்) இல்லாத டயர் 90 என்ற குறியோடு கிடைத்தால் அது 600 கிலோதான் தாங்கும். விலை குறைவு என்று அதை வாங்குவது பெரிய தவறு.

இப்போது ரிம். 255/35க்கு 8.5 முதல் 10 அங்குல அகல ரிம் பொருந்தும். 265/35க்கு குறைந்தது 9 வேண்டும். உங்கள் பின் ரிம் 8.5 என்றால் 255தான் எல்லை. அதற்கு மேல் போட்டால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபட்டுப் பிதுங்கும், வளைவில் டயர் மடங்கும், ஸ்டீயரிங் மந்தமாகும். காசு கொடுத்து வாங்கிய அகலம் எதிர்வேலை செய்யும்.

ரிம் அகலமாகவே இருக்கட்டும், அப்போதும் கணக்கு வேறு. டயர் சாலையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் அதன் மேல் உள்ள எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் சேர்ந்து தீர்மானிப்பது. அகலம் கூடினால் அந்தப் பரப்பு குட்டையாகி விரிகிறது. காய்ந்த வளைவில் கொஞ்சம் லாபம். ஆனால் விரிந்த டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் மழையில் சீக்கிரம் மிதக்கும். சூடேறவும் நேரம் பிடிக்கும். முன்னால் அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் அகலமாக்கினால் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும். நல்ல சமநிலையில் இருக்கும் காரை நாமே கெடுத்துக்கொண்டது போல ஆகும்.

பின் இரண்டு மட்டும் மாற்றலாமா? ரியர் வீல் டிரைவில் மாற்றலாம். முன்னால் இருக்கும் அதே மாடலையே போடுங்கள். அது கிடைக்காவிட்டால் நான்கும் மாற்றுவதே மேல். முன்னால் ஒரு ரப்பர், பின்னால் வேறு ரப்பர் என்றால் எந்தப் பக்கம் முதலில் வழுக்கும் என்று ஊகிக்க முடியாது. ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பட்டன் ஆழத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் ஆகிறது, அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு சுற்றிலும் டிஃபரன்ஷியலும் கிளட்சும் சுமக்கும்.

ஒரே பெயரில் வரும் டயருக்குள்ளும் ரகம் உண்டு. போர்ஷேவுக்கு என்0, என்1 என்ற குறி, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. அந்தந்தக் காருக்காக ரப்பரோ உள் கட்டமைப்போ மாற்றிச் செய்தவை இவை. குறியில்லாத டயர் போட்டால் கார் ஓடாது என்றில்லை. ஆனால் ஒரே அச்சில் (முன் இரண்டிலோ பின் இரண்டிலோ) குறியுள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள்.

காரோடு வந்தது ரன் ஃப்ளாட், அதாவது காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் என்றால், சாதாரண டயருக்கு மாறினால் பயணம் மிருதுவாகும், எடையும் குறையும். ஆனால் அந்தக் காரில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் வாங்கி வைத்த பிறகே மாறுங்கள்.

வாங்கும்போது பக்கவாட்டில் தயாரித்த காலத்தைச் சொல்லும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வாங்கும் டயர்கள் எல்லாம் ஒரே காலத்தில் வந்தவையாக இருப்பது நல்லது.

பழைய பின் டயர்களைக் கழற்றியதும் தூக்கிப் போட வேண்டாம், உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெளியே 3 மில்லிமீட்டர் பட்டன் இருக்கும்போதே உள்ளே கம்பி தெரியும் நிலை ஸ்போர்ட்ஸ் கார்களில் சகஜம். எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ. சக்கரம் நேராகப் பார்க்காமல் சற்றுக் கோணலாக உருண்டால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ரப்பரைத் தரையில் உரசிக்கொண்டே போகும். அலைன்மென்டில் முன் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் பின் டோவையும் அளந்து, அச்சிட்ட அளவுத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போட்ட புது டயர் அதே விளிம்பில் மறுபடி முடியும்.

மாட்டும்போது அசிமெட்ரிக் (உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறு வடிவில் உள்ள) டயரில் அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே தெரிகிறதா, அம்புக்குறி உள்ள டயரில் அது முன்னோக்கிச் சுழல்கிறதா என்று நீங்களே பாருங்கள். வால்வில் பிரஷர் சென்சார் இருந்தால் அதன் சீல்களையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங்கில் உள்ளே ஒட்டும் எடை பிரேக் கேலிப்பரில் உரசாத இடத்தில் இருக்க வேண்டும். போல்ட்டை ஏர் கன்னால் முடிக்காமல், கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லி, 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபாருங்கள்.

தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு புது டயரின் மேல் கொஞ்சம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர், குறிப்பாக மழையில், அமைதியாக ஓட்டுங்கள்.

காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு. டயர் 5 முதல் 6 டிகிரி சூடானால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ ஏறும். டிராக்கில் சூடேறி அழுத்தம் மிகக் கூடியதும் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுவது வழக்கம். வீடு திரும்பும் முன் பழைய அளவுக்கு நிரப்ப மறந்தால், டயர் ஆறியதும் அழுத்தம் குறைவான நிலையில் நெடுஞ்சாலையில் போவீர்கள். அப்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளிருந்தே பிய்ந்துவிடும். அதனால் டிராக்குக்குப் போகும்போது ஒரு சின்ன பம்ப்பும் நல்ல கேஜும் காரிலேயே இருக்கட்டும்.