தலைவலில சீப்பு பட்டாக்கூட வலிக்குதா? கேளுங்க, சொல்றேன்

நான் ராயபுரத்துல மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட், பதினஞ்சு வருஷமா எனக்கும் மைக்ரேன் இருக்கு.

காசிமேட்டுல இருந்து: அக்கா, ஒத்தத் தலைவலி வந்தா தல வார முடியல, தோட கழட்டிடுறேன். வீட்ல நடிக்கிறேன்றாங்க.

நடிப்பு இல்லமா, இதுக்குப் பேரே அலோடினியா. மைக்ரேன்காரங்கள்ல பாதிக்கு மேல இது உண்டு. மூளையோட உறையில கிளம்புற வலியும் மூஞ்சித் தோலோட உணர்ச்சியும் ட்ரைஜெமினல் நரம்பு வழியா மூளைத்தண்டுல ஒரே எடத்துல போய் சேருது, வலி நேரம் ஆக ஆக அந்த எடம் உசுப்பேறி சும்மா தொட்டாலும் வலின்னு எடுத்துக்கும். எனக்கெல்லாம் தலகாணி உறையே உப்புத்தாள் மாதிரி கன்னத்த அறுக்கும்.

வியாசர்பாடி: எனக்குக் கையில போர்வை பட்டாலே எரியுது, ஸ்ட்ரோக்கா?

அந்த உசுப்பல் மேல, உடம்பு முழுக்க வர்ற உணர்ச்சி போய்ச் சேர்ற தலாமஸ்ங்கற மூளைப் பகுதி வரைக்கும் ஏறிட்டா கைத்தோலும் அப்படி ஆகும். ஆனா திடீர்னு கை பலமில்லாம போச்சு, வாய் கோணுது, பேச்சு குழறுதுன்னா யோசிக்காம 108.

கொருக்குப்பேட்டை: தாங்கித் தாங்கிப் பாத்துட்டு கடைசியிலதான் சுமட்ரிப்டான் போடுறேன், கேக்கவே மாட்டேங்குது.

தம்பி, அங்கதான் தப்பு. 2004ல பாஸ்டன்ல பர்ஸ்டைன் குழு பாத்தாங்க, தோல் வலி வர்றதுக்கு முன்னாடி ட்ரிப்டான் (உன் சுமட்ரிப்டான் இந்த வகை மைக்ரேன் மருந்துதான்) போட்டப்ப 93 சதவீத தடவை ரெண்டு மணி நேரத்துல வலி சுத்தமா நின்னுச்சு, தோல் வலி வந்தப்புறம் போட்டா 15 சதவீதம்தான். அதனால சீப்பு வலிக்கிற வரைக்கும் காத்திருக்காத. அதுக்காக தெனமும் முழுங்காத, மாசத்துல ட்ரிப்டான் 10 நாள், வெறும் பாரசிட்டமால் 15 நாள்னு போனா மாத்திரையே தலைவலியக் கொண்டுவரும். நெஞ்சு வலி, ஹார்ட் பிரச்சினை இருந்தா ட்ரிப்டான் பக்கமே போகக்கூடாது, டாக்டர்கிட்ட சொல்லிடு.

தண்டையார்பேட்டை: ஆயா தைலம் தேய்க்க வந்தா கத்திடுறேன் அக்கா.

தேய்க்க வேணாம்னு சொல்லுமா. சிலருக்கு ஐஸ் வச்சாக்கூட அந்த நேரத்துல வலிக்கும். இருட்டு ரூம், இறுக்காத துணி, முடிய அவுத்து விடு.

எம்.சி. ரோட்டுல துணிக்கடை வச்சிருக்கேன்: அம்மாக்கு 67 வயசு, இதுக்கு முன்னாடி தலைவலியே வந்ததில்ல, ஒரு மாசமா நெத்திப்பொட்டுல வலி, சீப்பு பட்டா துடிக்கிறாங்க, சாப்பாடு மெல்லும்போது தாடையும் வலிக்குதாம். மைக்ரேன்தானே?

இல்லண்ணே, இத மைக்ரேன்னு விட்றாதீங்க. அம்பதுக்கு மேல புதுசா இப்படி வந்தா நெத்திப்பொட்டு ரத்தக்குழாய் வீக்கமா இருக்கலாம், விட்டா கண்ணு பார்வையே போயிடும், போனது திரும்பாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டு ரத்த டெஸ்ட்டும் பாப்பாங்க, சந்தேகம் இருந்தா அன்னிக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடுவாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே, இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, கடைய பையன் பாத்துப்பான்.