ஊர்ப் பண்டகசாலையில் இளைஞர்கள்: கேள்வி பதில்

கேள்வி (தேனி): அண்ணா, எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலை நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் 50 வயது தாண்டிவிட்டது. பையன்களைக் கூப்பிட்டால் கொஞ்ச நாள் வருகிறார்கள், அப்புறம் காணோம்.

பதில்: என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள் தம்பி. மூட்டை இறக்கு, அரிசி நிறுத்துப் போடு, வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பு. எதை வாங்குவது, என்ன விலை வைப்பது என்பதை மட்டும் பெரியவர்களே பேசி முடித்துவிடுகிறீர்கள், அப்படி இருந்தால் யார் நிற்பார்கள்? ஒரு அலமாரியை முழுதாக ஒப்படையுங்கள். நோட்டு, பேனா, தின்பண்டம் மாதிரி அவர்களுக்குத் தெரிந்த சரக்காக இருக்கட்டும். கொள்முதல், விலை, இருப்பு, காலாவதி தேதி பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு, அதற்குத் தனிக் கணக்கு நோட்டு. எவ்வளவு முதல் போடலாம், எவ்வளவு நட்டம் வரை தாங்குவோம் என்பதை முன்கூட்டியே குழுவில் தீர்மானமாக எழுதிவிடுங்கள். சின்ன அலமாரிதானே என்று நினைக்க வேண்டாம். 1844ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடையில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று நாலைந்து சரக்குதான் இருந்தது.

கேள்வி (திருவாரூர்): என் மகளுக்கு 16 வயது. உறுப்பினர் ஆகலாமா?

பதில்: ஊர்ப் பண்டகசாலை என்றால் 18 நிரம்ப வேண்டும். அதுவரை ஓட்டு இல்லை, ஆனால் குழுக் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்துக் கருத்துக் கேட்கலாம், அவசியம் கேளுங்கள். 18 ஆனதும் பங்கு வாங்கித் தாருங்கள் அக்கா. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்பதால் குழுத் தலைவருக்கும் அவளுக்கும் பொதுக்குழுவில் ஒரே எடை.

கேள்வி (கரூர்): சம்பளம் கொடுக்கணுமா?

பதில்: தினமும் குறிப்பிட்ட நேரம் கடையில் நிற்கச் சொன்னால் அது வேலை, கொடுத்தே ஆக வேண்டும். ஊர்ச்சேவை என்று சொல்லிப் பிள்ளைகளின் உழைப்பைச் சும்மா வாங்குவது எனக்குச் சம்மதமே இல்லை. 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கவே கூடாது, சட்டம் தடுக்கிறது.

கேள்வி (கரூர், அவரே): கல்லாவில் காசு குறைந்தால் சின்னப் பையன்மேல்தானே பழி வரும்?

பதில்: வரும். அதனால்தான் முறை முதலில் வேண்டும். கடை அடைக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும், பெரியவர் நின்ற நாளிலும் இதேதான். கியூஆர் கோடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், யாருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டாம். கடன் நோட்டை இளையவர்களிடம் கொடுக்காதீர்கள். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடன் இல்லை என்று சொல்ல ஒரு பிள்ளையால் முடியாது.

கேள்வி (சிவகங்கை): பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள்.

பதில்: இரவு கடை அடைக்கும் நேரத்தைப் போட்டிருப்பீர்கள். மாலை வெளிச்சத்திலேயே முடியும்படி நேரத்தை மாற்றி, இரண்டு பேராகச் சேர்த்துப் போடுங்கள். குழுவில் இருக்கும் பெண் உறுப்பினர் நேரில் போய் அந்த அம்மாக்களிடம் பேசட்டும், நீங்கள் போனால் வேலைக்கு ஆகாது.